நாவல்காரரின் இரண்டு சின்னையாக்கள்

பதுளைக் கடைவீதியில் நாவல்காரரைப் போல ஒரே நேரத்தில் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர் எவரும் கிடையாது. இரண்டையும் வாயாலேயே நடத்தினார்! நிஜப்பெயர் முதலாளிக்குத் தெரிந்திருக்கும். ஒரே துணிக்கடையில் வேலை பார்த்தும் நான் கேட்டுக்கொண்டதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர். எழுதிவந்த நாவலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைவாசலில் உட்கார்ந்து சொல்வார். சாமான் வாங்க வந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் வாங்க வந்ததை மறந்து கதை கேட்பார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

கதாநாயகன் சின்னையா தூத்துக்குடியில் சிலோன் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு சின்னையா ஏறிவிடுகிறான். இன்னொரு சின்னையா ஊருக்கே திரும்பிவிடுகிறான். இருவரும் ஒரே ஆள்! ஒரு வாரம் கப்பலேறியவன் கதை. அதற்கு நாவல்காரர் கோட்டுப் போட்டிருப்பார். மறுவாரம் ஊரிலிருப்பவன் கதை. அதற்குக் கோட்டைக் கழற்றித் தோளில் துண்டைப் போட்டுக்கொள்வார். மார்கழிக் குளிரில் பல் கிட்டினாலும் சரி, அன்றைக்குக் கோட்டைத் தொடமாட்டார்.

"அது எப்படிங்க, ஒருத்தனே ரெண்டு எடத்துல இருப்பான்?" என்று நமுனுகுலப் பக்கத்துத் தோட்டக் கங்காணி ஒருநாள் மடக்கினார்.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு உங்க ஆளுக எல்லாரும் வந்து நிக்கிறாங்களே கங்காணி, மனசும் அங்கயா வந்து நிக்குது?"

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் கங்காணிதான்.

கப்பலேறியவனுக்கு அட்டைக்கடி, காய்ச்சல், முதலாளி ஏச்சு. ஊரிலிருப்பவனுக்கோ வேப்பமரத்தடி வீடு, சிரித்த முகமாய்ப் பெண்டாட்டி மீனாட்சி, ஆசைக்கு ஒரு மகள். அந்த மகள் வயசுக்கு வந்த கட்டத்தைச் சொன்னபோது கூட்டத்துப் பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். விசேஷம் என்று காதில் விழுந்தபிறகு நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? தோட்டத்துக்கு ஆள் சேர்க்க இந்தியா கிளம்பிய கங்காணியிடம், கதையில் வந்த பெண்ணுக்குச் சீராகப் பாவாடைத் துணியும் கண்ணாடி வளையலும் கொடுத்தனுப்பினார்கள். நாவல்காரருக்கு இது தெரியாது. துணியைக் கிழித்துக் கொடுத்தவன் நான்தான். எனக்கும் அரை நம்பிக்கை இருந்தது, என்ன செய்ய!

கங்காணி திரும்பியதும் நேரே கடைக்கு வந்தார். அன்று கோட்டில்லாத கதை.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க. நீங்க சொன்ன ஊருக்குப் போனேன். வேப்பமரம் இருக்கு, வீடு இருக்கு, மீனாட்சியம்மா இருக்காங்க. மக இல்ல. கல்யாணமான வருசமே சிலோனுக்குப் போன புருசன் இன்னும் வரலையாம். அவரு பேரும் சின்னையாதானாம்."

நாவல்காரர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கடையாட்கள் முறைவைத்து ஊருக்குப் போய்வருவது வழக்கம். தம் முறை வரும்போதெல்லாம் அவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். பெருந்தன்மை என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம், பாவி மனிதர்!

"உங்க கதையச் சொன்னேன்," என்றார் கங்காணி. "'அதுல நான் எப்படி இருக்கேன்?'னு கேட்டாங்க. 'சிரிச்சுக்கிட்டே இருக்கீங்கம்மா'ன்னேன். 'கதையில அவ சிரிக்கிறது இருக்கட்டும், நான் எப்பச் சிரிக்கிறதாம்? கேட்டுச் சொல்லுங்க'ன்னாங்க."

நாவல்காரர் அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். "வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"என்ன கொண்டுவருவீங்கன்னு அவங்க கேக்கலீங்க. எப்ப வருவீங்கன்னுதான் கேட்டாங்க."

அந்த வாரமே புறப்பட்டார். அப்போது ரயில் பண்டாரவளையோடு சரி, அதுவரை மாட்டுவண்டிதான். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் சட்டென்று கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஊர்ல இருக்கிற சின்னையாவோட நான் போய்ச் சேந்துக்கிறேன். இங்க வந்தவன் இருக்கானே, அவன என்ன பண்றது? இந்த மலையிலயே கெடந்து பழகிட்டானே."

எனக்கு அவரில்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைக்கவே பிடிக்கவில்லை.

"அவர எங்ககிட்ட விட்டுட்டுப் போங்கண்ணே," என்றேன். "நாங்க பாத்துக்கிறோம்."