சிலிப்பர் அங்கிளின் கூடை

கார் ஓட்டுகிற ஆட்கள் எத்தனையோ விதம். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காருக்குள் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டு, அந்தச் சட்டத்துக்கு ஊரையே பணிய வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்தார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சிலிப்பர் அங்கிள்.

கார் என்றால் ஏதோ வெளிநாட்டுக் கப்பல் மாதிரி கார் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண உள்நாட்டு செடான், சில்வர் கலர். எங்கள் கார் பார்க்கில் அதே ரகத்தில் அரை டஜனாவது நிற்கும். ரயில்வே ஸ்டோரில் வேலை பார்த்த அங்கிள் வாங்கிய முதல் கார் அது, கடைசிக் காரும் அதுதான். மற்றவர்களின் கார்களில் மோதின வடுவும் காக்கை எச்சமும் இருக்கும். அவருடையதை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குத் திருமஞ்சனம் நடக்கும். பானெட்டைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டரைப் போல வெளிச்சத்தில் பிடித்து நிற்பார். டயர் பள்ளத்தில் மாட்டிய கூழாங்கற்களை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுப்பார். உள்ளே கம்பெனி போட்ட விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் செய்தித்தாள், அதற்கும் மேல் வெட்டித் தைத்த கோரைப் பாய். இத்தனைக்கும் மேல் மனிதக் கால்தான் படலாம், செருப்பு படக் கூடாது.

நடைமுறை இதுதான். ஏறுகிறவர் கதவருகே செருப்பைக் கழற்ற வேண்டும். அங்கிள் சுற்றி வந்து, காய்கறி வாங்கப் பாசாருக்குக் கொண்டுபோகிற சிவப்புக் கூடையில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, கூடையைக் காரின் பின்னால் சாமான் வைக்கிற பூட்டில் வைப்பார். போய்ச் சேர்ந்ததும் அவரவர் கதவுக்கு நேரே அவரவர் ஜோடியைப் பிசகாமல் வைப்பார். முன் சீட்டில் அவர் மனைவி அஞ்சலை ஆன்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதையெல்லாம் ஒரு சின்னச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருப்பார்.

யாருக்கும் விலக்கு கிடையாது. கிள்ளானில் அவர் வழக்கமாகப் போகும் மெக்கானிக் ஒருநாள் வண்டியை ஓட்டிப் பார்க்க ஏறினார். அவரையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னார் அங்கிள். கழற்றினால், பூட்ஸைவிட கால் கறுப்பாக இருந்தது. அங்கிள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டத்தை விட்டுக்கொடுக்காமல், மெக்கானிக்கின் இரண்டு பாதங்களுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டிவிட்டார். வொர்க்‌ஷாப்பில் அதற்கப்புறம் யாரும் அவரோடு வாக்குவாதம் செய்ததில்லை.

இந்தச் சட்டம் என் கல்யாணத்திலேயே கை வைத்தது. எங்களிடம் அப்போது கார் இல்லை. கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போக அங்கிள்தான் எங்களை ஏற்றிக்கொண்டார். அன்றைக்குப் பூட்டு நிறையப் பழத்தட்டும் பலகாரமும். இடம் போதாமல் கூடையை வெளியே எடுத்தவர், தட்டு சாயாமல் வைக்கிற கவலையில் கூடையை வீட்டுப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டார். நாங்களும் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தோம். பெடரல் ஹைவேயில் பாதி தூரம் தாண்டிய பிறகுதான் அம்மா மெதுவாகக் கேட்டார், செருப்பெல்லாம் எங்கே என்று.

திரும்பினால் நல்ல நேரம் போய்விடும். வீட்டுக்குள் எப்படியும் கழற்றத்தானே வேண்டும், யாருக்குத் தெரியப் போகிறது என்றார் அங்கிள். தாரில் வெந்த பாதங்களோடு ஓடிப் போய் வாசலில் ஏறினோம். யாருக்கும் தெரியவில்லைதான். பெண்ணைப் பார்த்தோம், கேசரி சாப்பிட்டோம், எல்லாம் நன்றாகவே நடந்தது. கிளம்பும்போதுதான் வந்தது வினை.

வாசலில் எங்கள் செருப்பு ஒன்றும் இல்லை என்றதும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துப் போயிற்று. சம்பந்தம் பேச வந்தவர்களின் செருப்பு தன் வீட்டு வாசலில் களவு போய்விட்டதே என்று மனிதர் துடித்தார். பக்கத்து வீட்டு நாய் மேல் சந்தேகம் போனது. பெண்ணின் அண்ணன் வாய்க்கால் வரைக்கும் தேடிப் போனான். என் அப்பா கௌரவம் பார்த்து வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அங்கிள்தான் தொண்டையைக் கனைத்தார்.

"தேடாதீங்க சார். செருப்பு பிரிக்பீல்ட்ஸ்ல பத்திரமா இருக்கு."

பெண்ணின் அப்பா எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பெண்ணின் சிரிப்பு. அந்த வீட்டுச் செருப்புகளை ஆளுக்கொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு திரும்பினோம். அவற்றைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை போக வேண்டியிருந்தது, அதிலேயே பேச்சு முடிந்து தேதியும் குறித்தாயிற்று. எங்கள் கார் பார்க்கில் நாங்கள் விட்ட செருப்புகள் விட்ட இடத்திலேயே வரிசையாக இருந்தன. ஜாகா வேலை பார்க்கிற நேப்பாளிக் காவலாளி அவற்றின் மேல் எந்தக் காரும் ஏறாதபடி கூம்பு வைத்துக் காவல் காத்திருந்தான்.

இத்தனை வருஷமும் அங்கிளுக்குச் சுத்தப் பைத்தியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

வருஷங்கள் ஓடி, அஞ்சலை ஆன்டி இறந்து போனார். அதன் பிறகு அங்கிளின் கண் மங்கத் தொடங்கியது. இனிமேல் கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷா ஆலமில் இருக்கும் மகள், அப்பா தன்னோடு வந்துவிட வேண்டும், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அங்கே இன்னொரு காருக்கு இடமில்லை. அங்கிள் தினமும் காலையில் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, இன்ஜினைப் போட்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குவார். மேலே பால்கனியிலிருந்து பார்க்க எனக்குத் தாங்காது.

காரை விற்றுத் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வண்டியின் படத்தைப் போனில் போட்ட மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களின் முகத்தை அங்கிள் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்தார். செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் கூடாது என்று எனக்குத் தடை. அவர்களாகக் கழற்ற வேண்டும்.

பண்டமாரானிலிருந்து வந்த கார் வியாபாரி டயரை ஷூவால் ஒரு உதை உதைத்தார். கார் விற்பனைக்கு இல்லை என்றார் அங்கிள். வாடகைக்கு ஓட்டவென்று வாங்க வந்த இளைஞன் நல்ல மரியாதையானவன். ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஏற்றுவான் என்று பெருமையாகச் சொன்னான், அங்கிள் அத்தனை ஜோடி ஷூக்களையும் மனசுக்குள் பார்த்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு டீச்சர் வந்தார். கதவைத் திறந்ததும் ஹீல்ஸைக் கழற்றினார். அங்கிள் என் கையைப் பிடித்து அழுத்தினார். டீச்சர் கைப்பையைத் திறந்து, கார் ஓட்டுவதற்கென்றே வைத்திருந்த வேறொரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்னா அங்கிள், காரை விக்கிறீங்களா, பொண்ணு கட்டிக் குடுக்கறீங்களா? இந்தக் காலத்துல யாரு கழட்டுவா?"

அவர் குனிந்து பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். காய்கறித் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நால்வரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த குடும்பம், இதுதான் முதல் கார். புருஷன் இன்ஜினைப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார். அந்தப் பெண் எதையும் தொடாமல் நின்றாள். உட்கார்ந்து பாரக்கா என்று நான் பின் கதவைத் திறந்தேன். அவள் பாயைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள்.

புருஷனுக்கு எங்கள் முன்னால் வெட்கமாகிவிட்டது. "ஏய், என்னா இது, கோயிலா? மாட்டிக்கிட்டு ஏறு. ஆளுங்க சிரிப்பாங்க."

அவள் முகம் சுருங்கியது. காலை வெளியே எடுத்து, தரையில் செருப்பைத் தேடினாள். பதற்றத்தில் கால் செருப்பில் நுழையவில்லை. அதற்குள் அங்கிள் தன்னுடையதை உதறிவிட்டு, தடவித் தடவி வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"போடாதம்மா. இந்தக் காருல எல்லாரும் அப்படித்தான் ஏறுவாங்க. பாரு, நானும் வெறுங்காலு."

புருஷன் எங்களைப் பார்த்தார். நான் அவசரமாக என் செருப்பைக் கழற்றினேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டே பூட்ஸை அவிழ்த்தார். அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து, சம்மணம் போட்டுக்கொண்டாள். அங்கிள் விலை பேசவே இல்லை, அவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், ஏன் அங்கிள் என்று. அப்போதுதான் சொன்னார். காரை எடுக்கப் போன அன்று, கடையில் அத்தனை பேர் நடுவில், அஞ்சலை ஆன்டி இப்படித்தான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாராம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், சொந்தக் கார் என்று ஒன்றில் அதற்கு முன் ஏறியதில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"அவ மூஞ்சி அப்படியே போச்சுலா. நான் என்னா செய்ய? நானும் ஷூவைக் கழட்டிட்டேன். இந்தக் காருக்கு இதான் ரூல்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் எல்லாருக்கும் ஒரே ரூல்தானே, மாத்த முடியல."

ஒரு பெண் ஒரு நிமிடம் கூசிப் போகாமலிருக்க, ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கோமாளிப் பட்டம் சுமந்திருக்கிறார். மெக்கானிக் காலுக்குப் பை மாட்டியது, எங்களைத் தாரில் ஓட விட்டது எல்லாம் இதற்குத்தான். ஆன்டியின் அந்தச் சின்னச் சிரிப்பு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பெயர் மாற்றுகிற வேலையெல்லாம் முடிந்து, ஒரு சனிக்கிழமை அவர்கள் வண்டியை எடுக்க வந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். பிள்ளைகள் சொல்லாமலேயே கழற்றிவிட்டு ஏறினார்கள். அங்கிள் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி மெல்ல நகர்ந்து, கேட்டைத் தாண்டித் திரும்பி மறைந்தது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு தெரிந்ததோ தெரியவில்லை.

"அங்கிள்," என்றேன், "கூடை."

அப்போதுதான் இருவரும் தரையைப் பார்த்தோம். பூட்ஸ், பெண்ணின் செருப்பு, இரண்டு சின்ன ஜோடிகள், எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தன. அங்கிள் சிரித்தார். ஆன்டி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போன் அடித்து, வழியில் ஒரு பெட்ரோல் ஸ்டேசனில் அவர்களை நிற்கச் சொன்னேன். செருப்புகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு என் காருக்கு ஓடினோம். என் கார் எப்படி இருக்கும் என்று சொல்ல வெட்கம்: தரை முழுக்க பிஸ்கட் தூள், மகனின் பந்து விளையாடும் பூட்ஸ் உதிர்த்த மண். அங்கிள் கதவைத் திறந்தார், பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார், உள்ளே காலை வைத்தார். மண் உறுத்தியதும் இது தன் காரில்லை என்று நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. முகம் ஒரு மாதிரியாகி, காலை எடுத்து, மங்கின கண்ணோடு தரையில் செருப்பைத் துழாவினார்.

"போடாதீங்க அங்கிள்," என்றேன். "இந்தக் காருலயும் எல்லாரும் அப்படித்தான்லா ஏறுவாங்க."

என்னுடையதையும் கழற்றி, அவருடையதோடு சேர்த்துக் கூடையில் போட்டேன்.