முன்னறை ஜன்னலும் ஹொரேஸின் பந்தயக் காரும்

செஸ்டர்ஃபீல்டு,
ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய்

அன்புள்ள தம்பி செட்ரிக்குக்கு, அண்ணி மேவிஸ் எழுதிக்கொள்வது. இங்கே உன் அண்ணனும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ஹல் நகரத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுக்குத்தான் குறை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

தண்ணீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதும் உன் அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க என்னிடம் பேசியது "உப்பு எங்க?" என்பது மட்டும்தான். அப்புறம் முடிவெட்டப் போன இடத்தில் ஏதோ பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். தோட்டத்துக்குக் கொட்டகை வாங்கப் போகிறார் போல என்று நானும் சந்தோஷப்பட்டேன். வந்தது லாரி. கொட்டுகிற மழையில் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள்: குழாய், தகடு, ஒயர், கூடவே குளிக்கிற தொட்டியைக் கவிழ்த்தது போல ஒரு ஃபைபர் கூடு. கார் மாதிரி இருந்த ஒரே பொருள் அந்த லாரிதான். "என்னங்க இது?" என்றேன். "ஸ்போர்ட்ஸ் கார். நாமளே பூட்டிக்கணும்" என்றார். நாமளே! தம்பி, இந்த மனுஷர் போன வருஷம் மாட்டிய துண்டு மாட்டும் கம்பி துண்டோடு சேர்ந்து கீழே விழுந்தது.

இஞ்சின் அதில் வராதாம். பழைய கார் ஒன்றை உடைத்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். யாரோ விற்கிற பழைய காராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் தலைமுடி சுருட்டிக்கொள்ளப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினால், வாசலில் நம்முடைய கார் சக்கரமில்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"வியாழக்கிழமை மூட்டுவலி டாக்டர்கிட்ட நான் எதுல போறது?"

"இதுலயேதான். ரெண்டு பேர் ஜம்முனு போலாம்."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"எந்த ஆகஸ்ட்?"

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் போய்விட்டார்.

கார் ஷெட் குளிர்கிறது என்று வேலை முன்னறைக்கு வந்தது. சோபா மாடிப்படிக்கு அடியில் போனது. கியர் பாக்ஸ் குளியல் தொட்டியில். என் கேக் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு அளவு போல்ட். பாதிரியார் பெல்லமி தேநீருக்கு வந்த அன்று நான் வெட்கத்தில் செத்தே போனேன், ஆனால் அந்த மனிதர் சின்னப் பையன் மாதிரி கண்ணை விரித்து, "ஒரு தடவ உட்காந்து பாக்கலாமா ஹொரேஸ்?" என்று கேட்டு, வெறும் இரும்புச் சட்டத்துக்குள் இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்து, வாயாலேயே "டுர்ர்ர்" என்று ஓட்டினார். ஓட்டி முடித்து எழப் பார்த்தால் முடியவில்லை. இருக்கையை ரெண்டு துளை பின்னால் தள்ளி முடுக்கச் சொல்லிக் காரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறது, நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? உன் அண்ணன் கையைப் பிடித்து இழுக்க, நான் இடுப்பைப் பிடித்து இழுக்க, "மெதுவா மேவிஸ், எனக்குக் கூச்சமா இருக்கு" என்று பாதிரியார் சிரிக்க, எதிர்வீட்டு மிசஸ் ஹாலம் கையில் பால் பாட்டிலோடு எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாலை ஆராதனை தாமதமாகத்தான் தொடங்கியது. ஏன் என்று முதல் வரிசை வரைக்கும் தெரிந்திருந்தது.

இதெல்லாம் போகட்டும். நேற்று சக்கரங்களை மாட்டினோம். உன் அண்ணன் இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "மேவிஸ், அந்த அளவு டேப்பை எடு" என்றார். எடுக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் கார் கதவு வழியாக வெளியே போகாது. சக்கரத்தைக் கழற்றினாலும் போகாது. இப்போது முன்னறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்க்க வேண்டும் என்கிறார். ஈஸ்டருக்கு ஜன்னலில்லாத வீடு! "காரா, ஜன்னலா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். அவர் பஸ் எண்ணுகிற அந்தப் பழைய நாற்காலியைத் தேடி எடுத்துவந்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே தம்பி, நீ சொன்னால்தான் கேட்பார். ஞாயிறன்று வந்து அவருக்குப் புத்தி சொல்லி, இந்த இரும்பு முழுவதையும் உன் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடு. சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியும் புதினாச் சட்னியும் செய்து வைக்கிறேன். கடவுள் உனக்கு நல்ல உடம்பையும், கல்யாணம் செய்துகொண்டால் கைத்தொழில் ஆசை இல்லாத குணத்தையும் தரட்டும்.

அன்புடன்,
அண்ணி மேவிஸ்

பி.கு. தபாலில் போடுவதற்குள் ஒரு சங்கதி. "சரி மேவிஸ், வித்துடலாம்" என்று உன் அண்ணன் தானாகவே ஷெஃபீல்டிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துவிட்டார். வந்தவன் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், குனிந்து உள்ளே பார்த்தான். "ஒயரிங் யாரு சார் பண்ணது? தலை வாரி விட்ட மாதிரி இருக்கு!" என்றான். உன் அண்ணன் என்னைக் கை காட்டினார். இருபது வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவளுக்கு நாலு ஒயர் பெரிசா? அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த ஒயரையெல்லாம் பிரிச்சுட்டு நான் மறுபடி போட்டுக்கறேன்" என்றான். "இது விக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லி, தேநீர் கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். உன் அண்ணன் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. மத்தியானமே ஜன்னலைப் பெயர்த்துவிட்டோம், ஒரு முனையை மிசஸ் ஹாலம்தான் பிடித்தாள். ஞாயிறன்று நீ கட்டாயம் வா. புத்தி சொல்ல வேண்டாம், தூக்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா. கனத்த கோட்டு போட்டுக்கொள், சாப்பாட்டு மேஜை வரைக்கும் காற்று அடிக்கிறது. முதல் ஓட்டம் நான்தான் ஓட்டுகிறேன். உன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பார்.