மதில் விஷயம்

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெண்கள் கல்லூரிக்குப் படிக்கப் போன என் மகள், விடுதி மதிலேறிக் குதித்துப் பிடிபட்டுவிட்டாள் என்றும், அதற்காக அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்றும் ஒரு பகலும் ஒரு இரவும் நான் உறுதியாக நம்பினேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானாகவே நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது. நான் வாடகைக்கு வானும் பிடித்தேன்.

என் பயத்துக்கு நியாயம் இருந்தது. நான் படித்த காலத்தில் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுவது ஒரேயொரு காரணத்துக்குத்தான். என் ஐயாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகும்போது வெறுங்கையோடு போவார். வரும்போது வழியில் ஒரு பூவரசங்கம்பை முறித்துக்கொண்டு வருவார். (கம்பு முறிகிற சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு முதுகு கூசும்.)

அதைவிடப் பெரிய நியாயம், நாங்கள் நெடுந்தீவார் என்பது. எங்கள் ஊரில் காணிக்குக் காணி கல்வேலி. முருகைக்கல் என்கிற பவளப்பாறைக் கல்லைச் சாந்தும் இல்லாமல் சீமெந்தும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம். பக்கத்து வளவுக்குப் போக வேண்டுமென்றால் ஒழுங்கையால் சுற்றிப் போகிற பொறுமை இங்கே எவருக்கும் கிடையாது, வேலியைத் தாண்டுவோம். என் மகள் ஆரணி எழுந்து நின்றதே வேலியைப் பிடித்துக்கொண்டுதான். கொஞ்ச நாளில் வேலிக்கு அங்கால் நின்றாள்.

அந்தப் பிள்ளைதான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நிறையப் புள்ளி எடுத்தாள். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்க்கிற, கல்லூரி என்று பேர் வைத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஒழுங்கையிலிருந்து சேர்ந்த முதல் ஆள் அவள். அனுமதி கிடைத்த செய்தியை நான் ஊரில் எல்லோருக்கும் சொன்னேன். சொல்ல ஆள் தீர்ந்தபிறகு, எங்கள் தீவின் காட்டுக்குதிரை பார்க்க வந்த சிங்களச் சுற்றுலாக்காரருக்கும் சொன்னேன். என் சிங்களம் அவ்வளவு நல்லதல்ல. குதிரைக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறதென்று நினைத்து அவர்கள் கைதட்டினார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆரணி பத்தாம் வகுப்பில் இருக்கும்போது ஒருநாள் காலையில் அந்த அழைப்பு வந்தது. பேசியவர் விடுதிப் பொறுப்பாசிரியை.

"ஆரணியின்ர அப்பாவோ?"

"ஓம் மிஸ்."

"கல்லூரி அதிபர் உங்களை நாளைக்கு வரட்டாம். மதில் விஷயமா நேரில கதைக்க வேணுமாம். கனநேரம் எடுக்கும், ஆயத்தமா வாங்கோ."

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது. நான் கல்வேலிமேல் ஏறி நின்று போனை வானத்துக்குக் காட்டினேன். இந்தியாவுக்கு நல்வரவு என்று ஒரு செய்தி வந்தது. எங்கள் ஊர்ப் போன்கள் இப்படித்தான். அவசரத்துக்கு இராமேஸ்வரப் பக்கம் போய்விடும்.

மனைவி வதனி மாட்டுக்கொட்டிலில் நின்றாள். பசு இன்றோ நாளையோ கன்று போடுகிற நிலையில் இருந்தது.

"இஞ்சாரும், பிள்ளை மதில் பாய்ஞ்சிட்டாளாம்!"

"ஆர் சொன்னது?"

"அதிபர் வரட்டாம். மதில் விஷயமாம்."

"மதில் விஷயம் எண்டா மதில் விஷயமாத்தான் இருக்கும். அதுக்கேன் நீங்கள் நிண்டு குதிக்கிறியள்?"

"நான் எங்க குதிச்சனான்? உம்மட மகள்தான் குதிச்சிருக்கிறாள்."

"ஓகோ, என்ர மகளோ? சோதினை பாஸ் பண்ணேக்க உங்கட மகள்."

பசுவை விட்டு அவளால் வர ஏலாது. தனியாகப் போவதென்று முடிவாயிற்று. இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. வதனி நன்றாகவே கொண்டாள்.

மறுநாள் முதல் படகில் எனக்குப் பக்கத்தில் வந்திருந்தவர் சின்னராசா அண்ணை. எங்கள் ஒழுங்கைக்காரர்.

"என்ன தம்பி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை." (ஒன்றுமில்லை என்று தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது என் சுபாவம்.) "பிள்ளை விடுதி மதில் பாய்ஞ்சிட்டாள்."

"என்ன?"

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதோடு சொன்னேன். கேட்கவில்லை. பிறகு, குடும்ப மானத்தை முன்னிட்டு, பலம்கொண்ட மட்டும் கத்திச் சொன்னேன். அதோடு சின்னராசா அண்ணையைத் தவிரப் படகில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"ஐயோ, நல்ல பிள்ளையல்லோ!" என்றாள் ஒரு அக்கா, பிள்ளை செத்துப்போன குரலில். "அங்க தெரியுது நயினாதீவு. கோயில் அம்மாளுக்கு ஒரு நேத்திக்கடன் வையுங்கோ."

"நேத்தி பிறகு வைக்கலாம்" என்றார் முன்னால் இருந்த ஒருவர். "முதல்ல கதையை வடிவா ஆயத்தம் பண்ணு தம்பி. பாயேல்லை எண்டு சொல்லாதை. பாயிறது எங்கட ஊர்ப் பழக்கம் எண்டு சொல்லு. பழக்கத்துக்குத் தண்டனை குடுக்க ஏலாது."

இது எனக்குப் பிடித்துக்கொண்டது. கடலைப் பார்த்துக்கொண்டே பேச்சைப் பாடமாக்கினேன். குறிகட்டுவான் துறையில் இறங்கும்போது படகே எனக்கு நல்லவாக்குச் சொல்லி அனுப்பியது. வதனிக்கு ஒரு முறை போன் பண்ணிப் பார்த்தேன். "பிள்ளையிட்ட முதல்ல கேளுங்கோ" என்றாள். நல்ல யோசனைதான். அதைத்தான் நான் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக, பக்கத்து இறுப்பிட்டியில் எனக்குத் தெரிந்த வான்காரர் தவத்தைக் கூப்பிட்டேன். விடுதிப் பிள்ளைக்கு எவ்வளவு சாமான்! ரங்குப்பெட்டி, மெத்தை, வாளி, புத்தகம். பிள்ளையை நிறுத்திய கையோடு இதையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து அவமானப்பட ஏலாது. வானில் ஏற்றிக்கொண்டு வந்து அவமானப்படுவது கொஞ்சம் மரியாதை.

கல்லூரி வாசலில் ஒரு மாணவத் தலைவி காத்துநின்றாள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல்.

"வணக்கம் ஐயா. ஆரணியின்ர அப்பாவோ? வாங்கோ, எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

எல்லோருமா! என் கால் இரண்டும் தனித்தனியாக யோசிக்கத் தொடங்கின.

போகிற வழியில் ஒரு வகுப்பறை. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரின் கதிரை வெறுமையாக இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"ரீச்சர் வரேல்லையோ பிள்ளை?"

"சோதினை ஐயா. மிஸ் தாளைத் தந்திட்டு வெளியில போயிட்டா."

"அப்ப ஆர் காவல்?"

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "நாங்கள் பாத்து எழுதமாட்டம் ஐயா" என்றாள். வெயில் அடித்தால் சுடும் என்கிற அதே தொனி.

(எங்கள் காலத்தில் ரீச்சர் தும்மக் கண்ணை மூடினாலே மூன்று கணக்குக் கை மாறிவிடும்.) இப்படியொரு இடம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கண்டேன். என் பிள்ளை இதற்குள் இருந்தாள் என்பதும், இன்றோடு இருக்கமாட்டாள் என்பதும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அறைக்குள் போனதும் அதிபர் எழுந்து வணக்கம் சொன்னார். வாய் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"மிஸ், ஒண்டு சொல்லவேணும். எங்கட ஊரில மதில் எண்டா தாண்டுறதுக்குத்தான். ஆரும் அதைக் குற்றமா நினைக்கிறேல்லை. நான் தாண்டுவன், மனுசி தாண்டுவா, ஐயர் பூசைக்குப் போகேக்கயும் தாண்டித்தான் போவார். அது ஒரு பழக்கம் மிஸ். பழக்கத்துக்குத் தண்டனை குடுக்க ஏலாது."

நல்ல பேச்சு. படகில் பாடமாக்கியதில் ஐயரை மட்டும் அவசரத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அதிபர் யன்னலால் வெளியே பார்த்தார். "அது உங்கட வானோ?" என்றார்.

"ஓம் மிஸ்."

"மெத்தச் சந்தோசம். கல்லுக் கொண்டு வந்தனீங்களாக்கும்?"

"இல்லை மிஸ். மெத்தை கொண்டுபோக."

பிறகு அதிபர், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல, விஷயத்தைச் சொன்னார். விடுதிக்குப் பின்னால் பிள்ளைகளின் மரக்கறித் தோட்டம். பின்வாசல் கேற்றால் வருகிற ஆடுகள் கத்தரிக்கன்றைத் தின்றுவிடுகின்றன. பழைய வகுப்பறை இடித்த கல் ஒரு குவியலாய்க் கிடந்திருக்கிறது. சீமெந்து இல்லாமலே அதை மதிலாக அடுக்கலாம் என்று ஆரணி சொல்லி, சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு அடுக்கத் தொடங்கிவிட்டாள். முடிக்கும் முன்னர், முறை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினால் நல்லதென்று அதிபர் நினைத்திருக்கிறார். "அப்பாவைக் கேளுங்கோ மிஸ்" என்று சொன்னது என் மகள்தான்.

"அதுக்குத்தான் ஐயா வரச் சொன்னனான்" என்றார் அதிபர். பிறகு குரல் மாறியது. "சரி, ஆரணி எந்த மதில் தாண்டினவ?"

வாழ்க்கையில் சில நேரம் தரை பிளக்க வேண்டும். பிளக்காது.

ஆரணியைக் கூப்பிட்டார்கள். உள்ளங்கை முழுக்கக் கல்லுக் கீறலோடு வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை.

"ஆரணி, நீர் விடுதி மதிலேறித் தாண்டினீரோ?"

அவள் அதிபரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல் பிள்ளை, இல்லை என்று சொல் என்று நான் கண்ணால், புருவத்தால், காதால்கூடச் சாடை காட்டினேன்.

"ஓம் மிஸ்."

"எப்ப?"

"போன வெள்ளி. வலைப்பந்து அங்கால விழுந்திட்டுது. கேற்றால சுத்திப் போனா விளையாட்டு நேரம் முடிஞ்சிடும். ஏறி எடுத்துக்கொண்டு வந்தனான்."

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப ஏன் இப்ப சொல்லுறீர்?"

"நீங்கள் கேட்டனீங்கள் மிஸ்."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே துடைத்துத்தான் இருந்தது.

"பொய் சொல்லியிருந்தா எனக்கு வேலை லேசு" என்றார் என்னிடம். "இப்ப தண்டனை குடுக்காமல் விட ஏலாது. பிள்ளை உண்மை சொன்னதுக்காக விதியை மாத்தினா, அந்த உண்மைக்கு என்ன மதிப்பு?" பிறகு மகளிடம்: "இந்த மாத வீட்டு லீவு உமக்கு இல்லை. விடுதியில நிண்டு வேலியை அடுக்கி முடியும்."

"ஓம் மிஸ்" என்றாள் ஆரணி.

நிறுத்தவில்லை! நான் கதிரையைவிட்டு எழும்பி இரண்டு கையாலும் கும்பிட்டேன். மகள் என்னை முறைத்தாள். அந்தப் பார்வையில் மாட்டுக்கொட்டிலில் நின்ற அவளுடைய தாயை அப்படியே கண்டேன்.

இத்தோடு வானில் ஏறியிருந்தால் என் மானத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் தோட்டத்தில் சிநேகிதிகள் காத்திருந்தார்கள். டொக்டரின் மகள், மீன்பிடிக்கிறவரின் மகள், வங்கி முகாமையாளரின் மகள். எல்லோரும் சட்டையில் ஒரே புழுதி. இடுப்புயரத்துக்கு ஒரு கல்வேலி நின்றது. எங்கள் ஊர் வேலியேதான்! பட்டணத்து நடுவில் அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. நெஞ்சு விரிந்தால் எனக்கு மூளை சுருங்கும்.

இங்கே ஒரு தகவல். நான் வாழ்க்கையில் கல்வேலி அடுக்கியவன் அல்ல. எங்கள் வீட்டில் மாடு முட்டி விழுத்துகிற வேலியை அடுக்குவது வதனி. எடுத்துக் கொடுப்பது ஆரணி. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, "அந்தக் கல்லைக் கொஞ்சம் இஞ்சால" என்பது நான். பிள்ளை அதை மேற்பார்வை என்று மதித்திருக்கிறாள்.

"எப்பிடி ஐயா?" என்றார் அதிபர்.

"நல்லாயிருக்கு மிஸ். ஒண்டு மட்டும் இடறுது." எது இடறியதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பிடித்து உருவினேன்.

"அப்பா, அதை வேண்டா..."

வேலி ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்து, ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அகலத்துக்குச் சரிந்து என் செருப்பில் விழுந்தது.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு நல்ல வளர்ப்பு. வாயைப் பொத்திக்கொண்டு அவர்கள் குலுங்கிய குலுக்கத்தில் இரட்டைப் பின்னல்கள் மட்டும் ஆடின. முதலில் சிரித்து வெடித்தவர் அதிபர்தான்.

ஆரணி ஒரு கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டாள். "அப்பா, நீங்கள் இதில இருங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ" என்றாள். நான் இருந்தேன். ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அந்த வேலையில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது.

என் மகள் விழுந்த கல்லையெல்லாம் விலக்கி, அடியிலிருந்து திரும்பத் தொடங்கினாள். "பெரிசு கீழ. மேல்கல்லு ஒண்டு, கீழ்கல்லு ரெண்டில மிதிச்சு இருக்கவேணும். இல்லையடி, அதைத் திருப்பி வை." டொக்டரின் மகள் திருப்பி வைத்தாள். அவள்தான் வகுப்பில் முதலாம் பிள்ளையாம். பின்னேரம் வரை நான் தவத்தின் வானைக் காக்க வைத்துவிட்டு அந்தக் கதிரையிலேயே இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

கடைசிப் படகில் தனியாகத் திரும்பினேன். பெட்டியும் மெத்தையுமாக ஒரு பிள்ளையை எதிர்பார்த்து இறங்குதுறையில் நின்ற கூட்டத்துக்கு என்ன சொல்லியும் விளங்கவில்லை. ஆரணி இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள், அதே கல்லூரியில்தான். சின்னராசா அண்ணை இன்றைக்கும் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை இப்ப எந்தப் பள்ளிக்கூடம், தம்பி?" என்பார். வீட்டிலோ, நான் எதையாவது விளக்கிச் சொல்ல வாய் திறந்தால் போதும், தாயும் மகளும் ஒன்றாகக் கேட்பார்கள்: "ஆரும் உங்களைக் கேட்டவையோ?"

உண்மையில் நடந்தது இதுதான். ஆடுகள் கத்தரிக்கன்றைத் தின்றன. பிள்ளைகள் ஒரு வேலி கட்டினார்கள். நான் அதில் கொஞ்சத்தை விழுத்தினேன். அவர்கள் திரும்பக் கட்டினார்கள். யாருமே காணாத ஒன்றைப் பற்றி அதிபர் கேட்டார். என் மகள் ஓம் என்றாள்.