சாகும்வரை வாடகைக்காரன்

சொந்த வீடு வாங்குவதில்லை என்று நான் சபதம் செய்தது ஒரு மழைநாளில், கையில் குடை பிடித்துக்கொண்டு. வீட்டுக்குள்ளேதான் பிடித்திருந்தேன்.

என் பெயர் பூபதி. பெயருக்குப் பூமியை ஆள்பவன் என்று அர்த்தமாம். பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. சேந்தமங்கலத்துக்காரன். மலைமேல் செம்மேட்டில் செல்போன் ரிப்பேர் கடை போட்டதால், மூன்று வருஷத்துக்கு முன்பு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அர்த்தனாரி என்பவரின் ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். மனைவி ருக்குமணி இந்த மலையிலேயே தேவனூர் நாட்டுப் பெண். அவளுக்கு மலை சந்தோஷம். எனக்கு சளி.

அந்த வீட்டில் ஒழுகாத பொருள் ஒன்றே ஒன்று உண்டு. தண்ணீர்க் குழாய்.

போன் செய்தால் ராசிபுரத்திலிருந்து ஓனர் ஒரே பதில்தான் சொல்வார்: "எழுதி வைங்க. பாத்துக்கலாமுங்க." எழுதி வைத்தேன். நோட்டில் நாற்பத்தொரு குறை சேர்ந்தது. அவர் ஒன்றையும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் அவரே கூப்பிட்டார்.

"பூபதி, ஊட்டை வித்தரலாமுன்னு இருக்கறனுங்க. நீங்களே வாங்கிக்கறீங்களா? இல்ல, ஆள் அமைஞ்சா ஒடனே காலி பண்ணிக்கறீங்களா?"

ருக்குமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, வாங்கித்தான் போடலாமே?"

அப்போதுதான் அந்தச் சபதம்.

"சும்மா குடுத்தாலும் வேண்டாம்! சொந்த வீட்டுக்காரன் ஓட்டுக்கும் சுவத்துக்கும் அடிமை. வாடகைக்காரன் ராஜா. குறை சொல்றது மட்டும்தான் அவன் வேலை. நான் சாகற வரைக்கும் வாடகைக்குத்தான் இருப்பேன்!"

"சரிங்க" என்றாள்.

எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். பன்னிரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது கிடையாது. புத்தியுள்ளவன் அன்றைக்கே பயந்திருப்பான். நான் இன்னொரு டீ கேட்டேன்.

சேந்தமங்கலத்தில் என் சிநேகிதனுடைய மாடி வீடு ஒன்று வாடகைக்கு இருந்தது. காங்கிரீட் கூரை. வழவழவென்று டைல்ஸ் தரை. கடைக்கு தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். ஆனால் தை மாதம்தான் காலியாகும். அதற்குள் இதை யாராவது வாங்கித் தொலைத்தால் நாங்கள் ரோட்டில் நிற்க வேண்டும். ஆகவே திட்டம் போட்டேன். வீடு பார்க்க வருகிறவன் ஒருத்தன்கூட இதை வாங்கக் கூடாது. மூன்று வருஷக் கடுப்புக்கும் அது நல்ல மருந்து.

முதலில் வந்தவர் நாமக்கல் செல்லமுத்து. வாசலிலேயே அவர் கையில் ஒரு குடையைக் கொடுத்தேன்.

"மழை உட்டுருச்சுங்களே?"

"வெளிய உட்டுருச்சுங்க. உள்ள வாங்க."

நோட்டைப் பிரித்து வரிசையாகக் காட்டினேன். ஏழாவது குறையிலேயே அவர் முகம் செத்துவிட்டது. ருக்குமணி டீயோடு வந்தாள்.

"ஏனுங்க, பொறத்தாலச் செவுத்தக் காட்டலீங்களா?"

"அதுல என்னங்கம்மா?" என்றார் செல்லமுத்து.

"ஒண்ணுமில்லீங்க. சாஞ்சு மட்டும் நின்னுறாதீங்க."

செல்லமுத்து டீயைத் தொடாமலே காரில் ஏறினார்.

இப்படிக் கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது பேரை விரட்டினோம். நான் களைத்துப்போனாலும் அவள் விடமாட்டாள். "பாத்ரூம் கதவ மறந்துட்டீங்களே" என்று எடுத்துக் கொடுப்பாள். புருஷன் மனமறிந்து நடக்கிற மனைவி என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மார்கழியில் அவள் கழுத்துச் சங்கிலியைக் காணோம்.

"எங்க ருக்கு?"

"கொக்கி உட்டுப்போச்சுங்க. பத்த வெக்கக் குடுத்திருக்கறேன்."

ஒருநாள் தனியாகவே பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போய் வந்தாள். கேட்டதற்கு, "ஊட்டுக்கு வேண்டிய வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்தனுங்க" என்றாள். மாடி வீட்டைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு ஒரே குளிர்ச்சி.

தை பிறந்தது. வீடு மாற நல்ல நாள் பார்த்து, கீழே சேந்தமங்கலத்திலிருந்து மினி லாரிக்காரர் கார்த்தியை வரச் சொன்னேன். விடிந்ததிலிருந்து நான் மூட்டை கட்டினேன். அவள் ஒரு கரண்டியைக்கூட எடுத்து வைக்கவில்லை. "வண்டி வரட்டுமுங்க" என்றாள்.

வண்டி வந்தது. நிறைய சிமெண்ட் மூட்டை, தகர ஷீட்.

"என்னங்க கார்த்தி, சாமான் ஏத்த வரச் சொன்னா, சாமானோட வந்திருக்கீங்க?"

"அக்காதானுங்ணா சொன்னாங்க. எழுவது வளைவையும் காலி வண்டி ஏன் ஏறணும், இதெல்லாம் ஏத்திட்டு வாங்கன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கார்த்தியோ வீட்டுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எட்டு சில்வர் ஓக் மரம். எட்டிலும் கூரை உயரத்துக்கு மிளகுக்கொடி. சரம் சரமாகக் காய், ஒன்றிரண்டு சிவந்தும் இருந்தது.

"இது யாருங்ணா நட்டது?"

"என் சம்சாரந்தான். குடிவந்த மாசமே நட்டா. நான் வெத்தலைன்னு நெனச்சு ஒருநாள் பாக்கு வெச்சு மென்னுட்டேன்."

இதே மலையில் பைல் நாட்டில் பிறந்த கார்த்தி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஏனுங்ணா, வாடகைக்கு இருக்கறவங்க கொத்தமல்லி போடுவாங்க. மொளகு காய்க்க மூணு வருசம் ஆகுமுங்க. காலி பண்ணிட்டுப் போறவங்க யாராச்சும் மொளகு நடுவாங்களா?"

மலையில் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். மென்று தின்ற எனக்குத்தான் தெரியவில்லை. மெதுவாகத் திரும்பினேன். ருக்குமணி மஞ்சப்பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தாள். அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"ஒம்பது பேரு ஓடிப்போனதும் அர்த்தனாரியண்ணன் எறங்கி வந்துட்டாருங்க. அன்னிக்குச் சேந்தமங்கலத்துக்கு ஒங்க நோட்டத்தான் எடுத்துட்டுப் போயி அவருகிட்ட ஒண்ணொண்ணாப் படிச்சேன். இருவதத் தாண்டறதுக்குள்ள, 'குடுக்கறதக் குடுத்துட்டு எடுத்துக்க தாயி, என்னய உட்டுரு'ன்னுட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"சும்மா குடுத்தாலும் வேண்டாமுன்னீங்களே. அதான் ஒங்க பேர்ல வாங்கல."

கோபம் தலைக்கேறியது. அவள் ஒரு மிளகுச் சரத்தை உள்ளங்கையில் தாங்கினாள். "மொதக் காய்ப்புங்க. இத உட்டுட்டு நான் எப்படீங்க வாரது?" என்றாள். சங்கிலி இல்லாத கழுத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனாலும் ஆண்பிள்ளைக்கு ஒரு மரியாதை உண்டில்லையா? "அப்ப என் சபதம்?" என்றேன்.

"அத நான் கெடுப்பனுங்களா? சாகற வரைக்கும் வாடகைக்கே இருங்க. ஒண்ணாந்தேதியானா எங்கிட்டக் குடுத்துருங்க."

கார்த்தி தலையைத் திருப்பிக்கொண்டு இருமினார். நானும் விடவில்லை. வாடகைக்காரன் ராஜா அல்லவா? நோட்டைப் பிரித்தேன்.

"சரிங்க ஓனரம்மா. மொதக் குறை. என் கட்டிலுக்கு நேர் மேல ஓடு ஒடைஞ்சிருக்கு. அந்தத் தகரத்தை அங்க போடச் சொல்லுங்க."

"அது மொளகு மூட்டை வெக்கற கொட்டாய்க்குங்க."

"சிமெண்ட்?"

"மொளகு காயப்போடற களத்துக்குங்க."

"அப்ப எனக்கு?"

ருக்குமணி என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தாள்.

"எழுதி வைங்க. பாத்துக்கலாமுங்க."