நாலு பெரிய டயரும் என் தங்கச்சி அடக்கமும்

என் தங்கச்சி முகத்தை நான் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு நாலு டயர்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். டயருக்கு வாய் இல்லை. எனக்குத்தான் தேவைக்கு மேல் இருந்தது.

என் மகன் செல்வன் மூணாறில் டூரிஸ்டுகளை ஏற்றி ஜீப் ஓட்டுகிறான். வண்டியை முன்பே உயர்த்திக் கட்டியிருந்தான். அதன் கீழே பழைய டயரைப் பார்த்தால், வாட்டசாட்டமான ஆள் பிள்ளைச் செருப்பு மாட்டினதுபோல் எனக்குத் தோன்றும். எங்கள் எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு ஜீப்புக்குப் பெரிய டயர் வந்த பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. (ஓட்டுகிறவன் நன்றாகத்தான் தூங்கினான்.) நச்சரித்து நச்சரித்து, ஒரு சனிக்கிழமை நானும் கூடவே போய் மாட்டவைத்தேன்.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுப் பாக்கணும்மா. ஆளையும் ஏத்திப் பாக்கணும். பாரம் ஏறினா வண்டி தாழும், டயர் உரசும்," என்றார் மெக்கானிக்.

"முப்பது வருசம் கொழுந்து கிள்ளுன கண்ணுய்யா இது. எடம் இருக்கா இல்லையான்னு தெரியாதா? நாளைக்கு மாதா கோயில் வாசல்ல வண்டி நிக்கணும்."

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. பீர்மேட்டில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி மேரி போய்விட்டாள். மூணு மணிக்கு அடக்கம்.

ஒன்பது பேர் ஜீப்பில் ஏறினோம். (என்னை ஸ்டூல் போட்டு, பின்னால் இருந்து தள்ளி ஏற்றினார்கள்.) முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கர்ர்ரென்று சத்தம், ரப்பர் கருகுகிற நாற்றம். வண்டி திரும்பவே இல்லை. பழைய டயரோ பூட்டின ஒர்க்‌ஷாப்புக்குள் கிடக்கிறது. எல்லாரும் இறங்கின பிறகுதான் கொஞ்சம் திரும்பியது. அதுவும் முன்னே பின்னே நாலு தடவை போய். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் இறங்கினோம், நடந்தோம், ஏறினோம். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்டூல்.

மூன்றாவது வளைவில் பீர்மேட்டுப் பக்கம் போகிற அரசு பஸ் ஒன்று வந்தது. செல்வன் கை காட்டி நிறுத்தினான்.

"அம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு இதுல போயிரு. சித்தியப் பாத்துரலாம்."

"சொந்த வண்டி வச்சிருக்கவ பஸ்ல போயி எறங்கவா? உங்க சித்தப்பன் ஊட்டாளுக என்ன நெனப்பாக?"

நான் ஏறவில்லை. மூத்தவள் ஏறாதபோது மற்றவர்கள் எப்படி ஏறுவார்கள்? கண்டக்டர் மணியடித்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அஞ்சு மணி தாண்டிவிட்டது. கோயிலுக்குப் பின்னால், குழியில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். மேரியின் மகள் ஜெசி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"எங்க பெரியம்மா போனீக? நாலு மணி வரைக்கும் பெட்டிய மூட விடலையே நான்..."

அந்த டயரை அங்கே ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பீர்மேட்டில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் குறைத்துச் சொல்வார்கள். பதினோரு மணிக் கல்யாணம் எனக்கு ஒன்பது மணி. "பெரியம்மா வளைவுக்கு வளைவு எறங்கி நடந்து வரணும்ல!" என்பாள் ஜெசி. வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அது பொய் நேரம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒன்பதுக்குப் போகிறேன். கோயில் திறந்திருக்காது. பின்பக்கமாகச் சுற்றிப் போய், மேரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மணி அடிக்கிறவரைக்கும் அவளும் நானும்தான்.