உதயசூரியனின் டயர் செக் ஷீட்

ஞாயித்துக்கிழமை பென்னலூர்ல மச்சான் டில்லிபாபு வூட்டு கிரகப்பிரவேசம். அன்னிக்கு என் கார் வாசலைத் தாண்டாதுன்னு நான் சபதம் எடுத்துட்டேன்.

காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்றேன். ஒரகடம் ரோட்டுல கன்டெய்னர் லாரி பக்கத்துல வந்தா எனக்குக் கை உதறும். வேலைக்குக் கம்பெனி பஸ் வந்துடுது. கார் மூணு வருஷமா கவர் போட்டுத் தூங்குது. வருஷத்துக்கு ரெண்டு தடவை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஓட்டுவேன், அதுவும் ரோடு காலியா இருக்கற விடியக்காலையில. இது பொண்டாட்டி வூட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.

நான் டயர் கம்பெனியில குவாலிட்டி சூப்பர்வைசர். ஐடியாவுக்கா பஞ்சம்? காலையில ஜாக்கியும் கையுமா நின்னேன்.

"இன்னாங்க, கிளம்பற நேரத்துல ஜாக்கி?" என்றாள் தேவிப்பிரியா.

"டயரை மாத்திப் போடணும் தேவி. முன்னாடி டயரு பின்னாடி, பின்னாடி டயரு முன்னாடி."

"ஓடாத காருக்கு இன்னாத்துக்கு?"

"பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லாங்காட்டி ஆறு மாசம். எது முன்னாடி வருதோ அது. ஓடாத கார்தான் டேஞ்சர். ஒரே எடத்துல நின்னுகினு டயர் சப்பையாயிடும். உயிர் விஷயம்! முடிக்க சாயங்காலம் ஆயிடும். நாம பஸ்ல போயிடலாம்."

"போன மாசமே மாத்தியாச்சே?"

"யாரு மாத்துனா?"

உள்ள போய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த செக் ஷீட்டைப் பிச்சுகினு வந்தாள். கார் வாங்கின அன்னிக்கு, கம்பெனி பழக்கத்துல நானே ஒட்டினது. வாராவாரம் காரோட நிலவரத்தை அவ எழுதுவா. ஞாயித்துக்கிழமை இட்லி சாப்பிட்டுகினே நான் 'ஓகே' போட்டுக் கையெழுத்து வைப்பேன்.

"படிங்க."

படிச்சேன். 'நாலு டயரும் மாத்தியாச்சு. முனிரத்தினம் டயர் கடை, ஸ்ரீபெரும்புதூர். ஓட்டினது: தேவிப்பிரியா.' பக்கத்துல ஓகே, என் கையெழுத்து. அதுக்கு நாலஞ்சு வரி மேல: 'லைசென்ஸ் வந்துடுச்சு.' ஓகே. அதுக்கும் ரொம்ப மேல: 'அவரு லாரிக்குப் பயப்படறாரு. அவரு ஷிப்டுக்குப் போனதும் நான் கத்துக்கப் போறேன்.' அதுக்கும் ஓகே!

அடப்பாவி உதயசூரியா! பார்க்காம கையெழுத்துப் போட்டான்னு கம்பெனியில உன் கீழ வேலை செய்யற மாரிசெல்வத்துக்குப் போன வாரம்தானே மெமோ குடுத்தே?

"தேவி... உங்க வூட்டுல யாருக்கும் தெரியாதே?"

"சே, சொல்லுவனா? நான் ஓட்டறேன். தெருமுனையில எடம் மாறிக்கலாம். கடைசி நூறடி நீங்க ஓட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இவளுக்கு இன்னா தங்கமான மனசு! வழியெல்லாம் லாரி வந்தப்போ கண்ணை மூடிக்கினேன். தெருமுனையில எடம் மாறினோம். நூறடி. பந்தல் முன்னாடி ஹாரன் அடிச்சு, ஸ்டைலா பிரேக் போட்டு எறங்கினேன்.

டில்லிபாபு சந்தனக் கிண்ணத்தோட ஓடி வந்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கு மாமாவை ஓட்ட வுட்டுட்டியா? கை உதறலையா மாமா?"