கொடிமலையை மேடு என்றவர்

ஜார்ஜ்டவுனில் தரைக்கு மேலே பிழைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தவர் ஒருவர்தான்: எண்பதுகளில் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்சென்ற வேன்காரர். முன்பு பகாங் மாநிலத்து ரவுப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெயர் யாருக்கும் தெரியாது; தங்கமலை அண்ணன், அவ்வளவுதான்.

எங்கள் தீவிலேயே உயரமான கொடிமலையைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். "இது மேடுலா! எங்க ரவுப்ல மலைக்கு உள்ளயே சுரங்கம் தெரு தெருவா போவும். வெளிய பனி மூடியிருக்கும்; கூண்டுல இறங்குனா அடியில வேர்த்து ஊத்தும்."

"அவ்வளவு தங்கம் எடுத்தும் ஒரு மோதிரம் இல்லையேண்ணே?" என்று என் கணவர் சீண்டுவார்.

"தோண்டத்தான் நானு. போட்டுக்க வெள்ளக்காரன் பொண்டாட்டி இருந்தாள்ல!"

வேனை எடுக்குமுன் கூரையைத் தடியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். பாறை விழுமா என்று பார்க்கும் பழக்கமாம். உள்ளே யாரும் விசிலடிக்கக் கூடாது; சுரங்கத்தில் அது ஆகாதாம். பிள்ளைக்கு ஒன்றாக எண் பொறித்த பித்தளைத் தகடு உண்டு. ஏறியதும் அதை வேனுக்குள் இருந்த பலகையில் மாட்ட வேண்டும்.

"எங்க பிள்ளைங்க என்ன ஆடா மாடாண்ணே?" என்றேன்.

"சுரங்கத்துல தலைய எண்ண மாட்டோம் தங்கச்சி, தகட்டத்தான் எண்ணுவோம்."

ஒருநாள் பள்ளி டீச்சரும் நானும் பிள்ளைகளை அதே வேனில் கொடிமலைக்கு அழைத்துப்போனோம். திரும்ப அடிவாரத்தில் வேன் ஏறும்போது கொட்டும் மழை. வாந்தியெடுத்த ஒரு பையனை மடியில் கிடத்தி நான் முன்னால் இருந்தேன். டீச்சர் எண்ணினார். "சரியா இருக்கு, கிளம்புங்க."

"ஒரு தகடு வரல" என்றார் அண்ணன்.

"தலை சரியா இருக்குண்ணே!"

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின் இருக்கைக்குப் போனார். அங்கே நீல பினஃபோர் சீருடையில் தூங்கிக்கொண்டிருந்தது வேறு பள்ளிப் பிள்ளை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே சீருடை. வராதது என் மகளின் தகடு.

மடியிலிருந்த பையனை நான் இறக்குவதற்குள் அவர் ஓடினார். புறப்பட்டுவிட்ட அந்தப் பள்ளி பஸ்ஸின் முன்னால் கைகளை விரித்து நின்றார். "ஏய், நிறுத்துலா! எங்க ஆளு உள்ள இருக்கு!"

பஸ் அவர் வயிற்றை உரசி நின்றது. கடைசி இருக்கையில், பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைத் தின்றபடி என் மகள் உட்கார்ந்திருந்தாள். தூங்கிய பிள்ளையை அங்கே ஏற்றிவிட்டு, இவளை இறக்கிக்கொண்டு வந்தார்.

அவளுக்கே பிள்ளை பிறந்த பிறகும், பள்ளி வேனைப் பார்த்தால் நான் நின்று உள்ளே எட்டிப்பார்க்கிறேன்.

அன்று வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் அந்த மனிதர் தகடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார். மறுநாள் விடியுமுன்பே வாசலில் நின்றார். "பாப்பா நல்லா தூங்குச்சா தங்கச்சி?"

அவர் தூங்கவில்லை என்பது சிவந்திருந்த கண்களில் தெரிந்தது.